கடல் அலை, காவிரி நீர்வரத்து, மின் மீட்டர்: நொடிக்கு நொடி குவியும் எண்களைச் சேமிக்க எந்த டேட்டாபேஸ் பெஸ்ட்?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.28 மணி அளவில் சுமத்ரா அருகே கடலுக்கடியில் பூகம்பம். அங்கிருந்து கிளம்பிய அலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. ஆனால், தரங்கம்பாடி மீனவர் குடியிருப்புகளுக்கு அந்த இரண்டு மணி நேரத்தில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. தரங்கம்பாடியையும் உள்ளடக்கியிருந்த அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அன்று கடலின் ஏற்ற இறக்கத்தை அளக்க ஆளே இல்லாமல் இல்லை. சென்னை, தூத்துக்குடி துறைமுகங்களில் இருந்த அலைமட்டக் கருவிகள் அந்த அலையைப் பதிவு செய்தன. அந்த எண்களை வைத்து ஆய்வாளர்கள் பின்னர் விரிவாக எழுதினார்கள். ஆனால், எண்கள் உடனே ஓரிடத்துக்கு வந்து, உடனே அலசப்பட்டு, உடனே கரைக்குத் தகவல் போகும் ஏற்பாடு இந்தியப் பெருங்கடலில் அப்போது இல்லை.

ஹைதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் செயல்படத் தொடங்கியது. ஆழ்கடல் அழுத்தமானிகள், கடலோர அலைமட்டக் கருவிகள், நிலநடுக்கமானிகள் ஆகியவற்றிலிருந்து எண்கள் ஓயாமல் வரும். இப்படி வரும் எண்களை எங்கே, எப்படிச் சேமித்தால் வேகமாக எழுதவும் வேகமாக எடுக்கவும் முடியும் என்பதுதான் டேட்டாபேஸ் உலகில் பல ஆண்டுகளாக நடக்கும் பந்தயம். அந்தப் பந்தயத்தில் ஜெயிப்பது யார்?

அதென்ன காலத்தொடர் தரவு?

ஒவ்வொரு எண்ணோடும் ஒரு நேரம் ஒட்டிக்கொண்டிருந்தால் அது காலத்தொடர் தரவு. ஆங்கிலத்தில் 'டைம் சீரிஸ் டேட்டா' என்பார்கள். டெல்டா விவசாயிகள் தினமும் டிவி திரையின் கீழ்ப்பட்டையில் பார்க்கும் மேட்டூர் நீர்மட்டம் இதற்கு நல்ல உதாரணம். தேதி, நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து நொடிக்கு இத்தனை கன அடி. அவ்வளவுதான்.

இந்த வகைத் தரவுக்கு மூன்று குணங்கள் உண்டு.

• புதிய எண் எப்போதும் கடைசியில்தான் வந்து சேரும். நேற்றைய அளவைத் திருத்தும் வேலை எப்போதாவதுதான் இருக்கும்.
• கேள்வி பெரும்பாலும் ஒரு காலப்பகுதியைப் பற்றியதாக இருக்கும். "கடைசி 10 நிமிடம் என்ன ஆச்சு?", "போன ஜூன் மாதம் மொத்தம் எவ்வளவு தண்ணீர் வந்தது?"
• பழைய எண்களைத் தனித்தனியாகக் கேட்பவர்கள் குறைவு. சராசரி, அதிகபட்சம், மொத்தம் என்றுதான் கேட்பார்கள்.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக் கட்டப்பட்டவையே காலத்தொடர் டேட்டாபேஸ்கள்.

எவ்வளவு எண்கள் வரும்? ஒரு சின்னக் கணக்கு

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. தினம் ஒரு நீர்மட்டம் என்று கணக்கிட்டால், 90 ஆண்டுகளுக்கு சுமார் 33,000 எண்கள்தான். ஒரு எக்செல் ஷீட் போதும்.

தரங்கம்பாடி கடற்கரையில் நிமிடத்துக்கு ஒருமுறை கடல்மட்டத்தைச் சொல்லும் ஒரு கருவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1,440 எண்கள். ஓராண்டுக்கு 5,25,600. ஒவ்வொரு பதிவும் இண்டெக்ஸோடு சேர்த்து 80 பைட் எடுத்தாலும் ஆண்டுக்கு சுமார் 42 எம்பி. வாட்ஸ்அப்பில் வரும் ஒன்றிரண்டு வீடியோக்களின் அளவு. இப்படி நூறு கருவிகள் இருந்தாலும் ஒரு சாதாரண கம்ப்யூட்டர் தாங்கும்.

இப்போது மின் மீட்டருக்கு வருவோம். நாடு முழுவதும் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர் பொருத்துவது மத்திய அரசின் இலக்கு. ஒவ்வொரு மீட்டரும் 15 நிமிடத்துக்கு ஒரு அளவை அனுப்பினால், மீட்டருக்கு நாளொன்றுக்கு 96 எண்கள். மொத்தம் தினமும் 2,400 கோடி எண்கள். நொடிக்கு சுமார் 2.78 லட்சம்.

ஆக, வேகப் பந்தயம் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. கருவிகளின் எண்ணிக்கையும், எத்தனை நொடிக்கு ஒருமுறை அளக்கிறோம் என்பதும்தான் அதை முடிவு செய்கின்றன.

சாதாரண டேட்டாபேஸ் ஏன் திணறுகிறது?

அறுவடைக் காலத்தில் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். மூட்டைகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன. வந்த வரிசையில் அடுக்கினால் வேலை ஓடும். ஆனால், ஒவ்வொரு மூட்டையையும் அந்தந்த விவசாயியின் பெயருக்கான தனி அடுக்கைத் தேடிப்போய்த்தான் வைக்க வேண்டும் என்றால்? நூறு மூட்டை வரை சமாளிக்கலாம். பத்தாயிரம் மூட்டை வந்தால் வெளியே லாரிகள் வரிசைகட்டி நிற்கும்.

போஸ்ட்கிரேஸ், மைஎஸ்கியூஎல் போன்ற டேட்டாபேஸ்கள் 'பி-ட்ரீ' என்ற இண்டெக்ஸைப் பயன்படுத்துகின்றன. 'கருவி எண், நேரம்' என்று இண்டெக்ஸ் போட்டால் ஒவ்வொரு கருவியின் எண்ணும் வெவ்வேறு பக்கத்தில் போய் உட்கார வேண்டும். இண்டெக்ஸ் முழுவதும் மெமரியில் அடங்கும்வரை பிரச்னை இல்லை. அது மெமரியைத் தாண்டி வளர்ந்துவிட்டால் ஒவ்வொரு எண்ணுக்கும் டிஸ்க்கைத் தொட வேண்டிவரும். வேகம் சட்டென்று விழுவது இங்கேதான்.

இன்னொரு சிக்கல், பழையதை அழிப்பது. கோடிக்கணக்கான வரிகளை ஒவ்வொன்றாக நீக்கினால் போஸ்ட்கிரேஸில் செத்த வரிகள் அப்படியே தங்கும். அவற்றைக் கூட்டிப் பெருக்க தனி வேலை ஓட வேண்டும். அதே தரவை மாதவாரியாகத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து வைத்திருந்தால், பழைய மாதத்தை ஒரே கட்டளையில் தூக்கிப் போட்டுவிடலாம்.

களத்தில் இருப்பவர்கள் யார் யார்?

போஸ்ட்கிரேஸ்: பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள, நம்பகமான பொது டேட்டாபேஸ். தரவை நேரவாரியாகப் பிரிக்கும் வசதி 2017-ல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. வரிசையாக வரும் தரவுக்கு 'பிரின்' என்ற மிகச் சிறிய இண்டெக்ஸும் உண்டு. சில நூறு கருவிகள் வரை இது தாராளம்.

டைம்ஸ்கேல்டிபி: 2017-ல் வந்தது. தனி டேட்டாபேஸ் இல்லை, போஸ்ட்கிரேஸின் மேல் ஏறி உட்காரும் ஒரு நீட்சி. தரவைத் தானாகவே காலவாரியாகத் துண்டு போடும். வழக்கமான அளவு 7 நாளுக்கு ஒரு துண்டு. புதிய துண்டு மட்டும் மெமரியில் இருந்தால் போதும் என்பதால் எழுதும் வேகம் விழாது. பழைய துண்டுகளைச் சுருக்கி வைக்கும். கருவியின் பெயர், அட்சரேகை, கடைசியாகப் பழுதுபார்த்த தேதி போன்ற விவரங்களோடு இணைத்துக் கேள்வி கேட்கலாம்.

இன்ஃப்ளக்ஸ்டிபி: 2013-ல் அறிமுகமானது. காலத்தொடருக்கென்றே எழுதப்பட்டது. வரும் எண்களை முதலில் மெமரியில் சேர்த்து, பிறகு வரிசைப்படுத்தி மொத்தமாக டிஸ்க்கில் இறக்கும். கொள்முதல் நிலையத்தில் வந்த வரிசையில் அடுக்கிவிட்டு, ராத்திரியில் பிரித்து ஒழுங்குபடுத்துவது போல. இதன் பழைய பதிப்புகளுக்கு ஒரு பலவீனம் இருந்தது. தனித்தனித் தொடர்களின் எண்ணிக்கை லட்சக்கணக்கில் கூடினால் மெமரி வீங்கும். 2025-ல் வெளியான 3-ஆம் பதிப்பு முழுக்கத் திருப்பி எழுதப்பட்டு, தரவை 'பார்க்கே' என்ற பொது வடிவக் கோப்புகளில் வைக்கிறது.

கிளிக்ஹவுஸ்: ரஷ்யாவின் யாண்டெக்ஸ் நிறுவனத்தில் பிறந்து 2016-ல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. வரிவரியாக இல்லாமல் பத்திபத்தியாகச் சேமிக்கும். "நூறு கோடி எண்களின் சராசரி என்ன?" என்று கேட்டால் தேவையான பத்தியை மட்டும் படித்துப் பதில் சொல்லும். பெரிய அலசலுக்கு அசுர வேகம். ஆனால், ஒவ்வொரு எண்ணாக எழுதினால் திணறும். ஆயிரக்கணக்கில் கட்டுக்கட்டாக அனுப்ப வேண்டும்.

ப்ரோமிதியஸ்: 2012-ல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கியது. சர்வர்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று கண்காணிக்கத்தான் இது. பல ஆண்டுத் தரவைப் பாதுகாக்கும் பெட்டகமாக இதை யாரும் வடிவமைக்கவில்லை.

ஆர்ஆர்டிடூல்: 1999-ல் வெளிவந்தது. கோப்பின் அளவு எப்போதும் ஒன்றுதான், வளரவே வளராது. எண்கள் பழசாக ஆக, அவற்றைச் சராசரியாக மாற்றி இடத்தை மீட்டுக்கொள்ளும். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. அது கீழே.

16 பைட் எப்படி 1.37 பைட் ஆனது?

2015-ல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் 'கொரில்லா' என்ற தங்கள் டேட்டாபேஸ் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு நேரம், ஒரு எண் சேர்ந்தால் 16 பைட். அதை சராசரியாக 1.37 பைட்டுக்குள் அடக்கிக் காட்டினார்கள். கிட்டத்தட்ட 12-ல் ஒரு பங்கு.

தந்திரம் ரொம்ப எளிமையானது. கருவி சரியாக 60 நொடிக்கு ஒருமுறை அளந்தால், "10.01, 10.02, 10.03" என்று ஒவ்வொரு நேரத்தையும் எழுத வேண்டியதில்லை. "இடைவெளி மாறவில்லை" என்று ஒரே ஒரு பிட் போதும். அவர்களின் தரவில் 96 சதவீத நேரக்குறிப்புகள் இப்படி ஒரு பிட்டில் அடங்கின. எண்களும் அப்படித்தான். முந்தைய எண்ணே திரும்ப வந்தால் "அதேதான்" என்று ஒரு பிட். மாறியிருந்தால் மாறிய பகுதியை மட்டும் எழுதினால் போதும்.

அதே கட்டுரையில் இன்னொரு தகவல்: வந்த கேள்விகளில் குறைந்தது 85 சதவீதம் கடைசி 26 மணி நேரத் தரவைப் பற்றியவை. அதனால் கொரில்லா கடைசி 26 மணி நேரத்தை மட்டும் மெமரியில் வைத்தது. இன்று ப்ரோமிதியஸ் உட்படப் பல டேட்டாபேஸ்கள் இந்த வழியைப் பின்பற்றுகின்றன.

ஆனால், இதற்கு ஒரு விலை உண்டு. சுருக்கிய தரவுக்குள் தாமதமாக வரும் எண்ணைச் செருகுவது செலவு பிடித்த வேலை. கடலில் மிதக்கும் கருவியின் சாட்டிலைட் தொடர்பு ஆறு மணி நேரம் அறுந்து, பிறகு எல்லா எண்களும் மொத்தமாக வந்து சேர்ந்தால்? பெஞ்ச்மார்க் அட்டவணைகள் எண்கள் ஒழுங்கு வரிசையில் வருவதாக நினைத்துத்தான் பெரும்பாலும் போடப்படுகின்றன. கடல் அப்படி நடந்துகொள்ளாது.

சராசரியில் காணாமல் போகும் சுனாமி

இடத்தை மிச்சப்படுத்த பழைய நிமிட அளவுகளை மணிக்கு ஒரு சராசரியாக மாற்றுவது பரவலான வழக்கம். மேட்டூர் நீர்மட்டத்துக்கு அது பரவாயில்லை, அணை மெதுவாகத்தான் ஏறி இறங்கும்.

கடல் வேறு. சுனாமியின் ஒரு முழு ஏற்ற இறக்கம் பெரும்பாலும் 10 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். உதாரணத்துக்கு, கடல் அரை மணி நேரம் 2 மீட்டர் மேலேயும், அடுத்த அரை மணி நேரம் 2 மீட்டர் கீழேயும் போனால் அந்த ஒரு மணி நேரச் சராசரி என்ன? பூஜ்யம். அதாவது, "கடல் அமைதியாக இருந்தது" என்று பதிவு சொல்லும்.

ஆழ்கடல் அழுத்தமானிகளின் வடிவமைப்பே இதற்குப் பதில் சொல்கிறது. அமெரிக்காவில் உருவான 'டார்ட்' வகைக் கருவி, அமைதியான நாட்களில் 15 நிமிட இடைவெளி அளவுகளை அனுப்பும். சுனாமி அறிகுறி தெரிந்தால் தானாக முறை மாறி 15 நொடி அளவுகளையும், பிறகு நிமிட அளவுகளையும் அனுப்பத் தொடங்கும். தேவைப்படும்போது மட்டும் நுணுக்கம்.

டேட்டாபேஸிலும் இதே புத்தி வேண்டும். சுருக்கும்போது சராசரியோடு அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும். அசாதாரண நாட்களின் மூல எண்களை அழிக்கவே கூடாது.

பிலிகுண்டுலு கணக்கும் 'காணாத' எண்களும்

காவிரி விஷயத்தில் கேள்வி வேறு மாதிரி. 2018 பிப்ரவரி 16 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தண்ணீரை பிலிகுண்டுலு அளவை நிலையத்தில் உறுதி செய்ய வேண்டும். ஜூனில் 9.19 டிஎம்சி, ஜூலையில் 31.24 டிஎம்சி என்று மாதவாரிக் கணக்கும் இருக்கிறது.

ஆற்றில் அளப்பது நொடிக்கு எத்தனை கன அடி என்பதை. ஒரு நாள் முழுக்க நொடிக்கு சுமார் 11,574 கன அடி ஓடினால்தான் ஒரு டிஎம்சி. ஆக, மாதக் கணக்கு என்பது ஆயிரக்கணக்கான அளவுகளைக் கூட்டி வரும் தொகை. நடுவில் சில மணி நேர அளவு விடுபட்டால் அதை பூஜ்யமாக எடுப்பதா, முந்தைய அளவையே தொடர்வதா, இரு பக்கத்தையும் வைத்து ஊகிப்பதா? வெள்ள நாளில் இந்த முடிவு ஒன்றே கணக்கை மாற்றிவிடும். சம்பா நடவுக்குத் தண்ணீர் போதுமா என்று காத்திருக்கும் விவசாயிக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இதற்கான இடைவெளி நிரப்பும் வசதி டைம்ஸ்கேல்டிபி, இன்ஃப்ளக்ஸ்டிபி, கிளிக்ஹவுஸ் மூன்றிலும் உண்டு. ஆனால், எந்த முறையில் நிரப்புவது என்று டேட்டாபேஸ் முடிவு செய்யாது. மனிதர்கள்தான் முடிவு செய்து, அதை எழுதியும் வைக்க வேண்டும்.

பெஞ்ச்மார்க்கை நம்பலாமா?

காலத்தொடர் டேட்டாபேஸ்களை ஒப்பிட 'டிஎஸ்பிஎஸ்' என்ற ஓப்பன் சோர்ஸ் சோதனைத் தொகுப்பு பிரபலம். இதை முதலில் தொடங்கியது இன்ஃப்ளக்ஸ் தரப்பு. பிறகு வளர்த்தது டைம்ஸ்கேல் தரப்பு. அதாவது, பந்தயத்தில் ஓடுபவர்களே பந்தயக் கோட்டையும் போடுகிறார்கள். கருவி பொதுவானதுதான். ஆனால், எந்தப் பதிப்பு, எந்த அமைப்பு, எந்தக் கேள்வி என்பதை அவரவர் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் நிறுவனங்கள் வெளியிடும் ஒப்பீடுகளில் பெரும்பாலும் சொந்தத் தயாரிப்பே ஜெயிக்கும்.

அட்டவணையைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியவை:

• எத்தனை எண்களைக் கட்டாக அனுப்பினார்கள்? ஒவ்வொன்றாக அனுப்புவதற்கும் ஆயிரம் ஆயிரமாக அனுப்புவதற்கும் வேகம் பல மடங்கு மாறும்.
• சராசரி நேரத்தை மட்டும் சொல்கிறார்களா? நூறில் 99 கேள்விகள் வேகமாக முடிந்து, ஒன்று மட்டும் 20 நொடி எடுத்தால் சராசரி அழகாகத்தான் தெரியும். எச்சரிக்கை மையத்துக்கு அந்த ஒன்றுதான் முக்கியம்.
• தரவு மெமரிக்குள் அடங்கும் அளவா, அதைவிடப் பெரியதா?
• டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகு "சேமித்தாச்சு" என்று சொல்கிறதா, மெமரியில் வாங்கியதுமே சொல்லிவிடுகிறதா?

கரண்ட் போனால் என்ன ஆகும்?

கடைசிக் கேள்வி காகிதத்தில் சின்னதாகத் தெரியும். கடலோரத்தில் அது பெரிய கேள்வி. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து டெல்டாவின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. எண்கள் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் கரண்டும் போகும்.

நல்ல டேட்டாபேஸ்கள் எந்த எண்ணையும் முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்க்கும். கரண்ட் வந்ததும் அந்தக் குறிப்பேட்டைப் படித்து விட்டதைப் பிடித்துக்கொள்ளும். இந்தக் குறிப்பேட்டை உடனுக்குடன் டிஸ்க்கில் பதிக்காமல் தள்ளிப்போட்டால் பெஞ்ச்மார்க்கில் வேகம் எகிறும். ஆனால், கரண்ட் போன கடைசி நொடிகள் காணாமல் போகும். அதனால் கருவியிலேயே ஒரு சின்னச் சேமிப்பு வைத்து, தொடர்பு வந்ததும் திருப்பி அனுப்புவது பாதுகாப்பான வழி.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

• சில கருவிகள், நிமிடத்துக்கு ஒரு எண்: போஸ்ட்கிரேஸ் போதும். புதிதாக எதையும் கற்க வேண்டாம்.
• நூற்றுக்கணக்கில் அல்லது ஆயிரக்கணக்கில் கருவிகள், கூடவே மற்ற விவரங்களோடு இணைத்துப் பார்க்க வேண்டும்: டைம்ஸ்கேல்டிபி.
• எண்கள் வேகமாகக் கொட்ட வேண்டும், அண்மை நிலவரம்தான் முக்கியம்: இன்ஃப்ளக்ஸ்டிபி.
• கோடிக்கணக்கான மீட்டர்கள், பல ஆண்டு அலசல்: கிளிக்ஹவுஸ் போன்ற பத்திவாரி டேட்டாபேஸ்.
• சர்வர் கண்காணிப்பு: ப்ரோமிதியஸ்.

எதை எடுத்தாலும் ஒரு சோதனை கட்டாயம். சேமித்த எல்லாத் தரவையும் பொது வடிவில் வெளியே எடுக்க முடிகிறதா? மும்பையின் கடல்மட்டப் பதிவு 1878-லிருந்து இருக்கிறது. கடல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று இன்று சொல்ல முடிவது அப்படிப்பட்ட நீண்ட பதிவுகளால்தான். எந்த டேட்டாபேஸ் நிறுவனத்துக்கும் அவ்வளவு வயது இல்லை.

தரங்கம்பாடியில் இந்தக் கேள்விக்கு அவசியம் அதிகம். 1306-ல் கட்டப்பட்ட மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. அது நூற்றாண்டுகளில் நடந்தது. 2004-ல் வந்த அலை நிமிடங்களில் எல்லாவற்றையும் முடித்துவிட்டது. அதே கரையைக் காக்க, கடைசி நிமிடத்தை நொடியில் எடுத்துத் தரும் வேகமும் வேண்டும், நூறு ஆண்டுகளைத் தொலைக்காமல் வைத்திருக்கும் நினைவும் வேண்டும். பெஞ்ச்மார்க் அட்டவணை முதலாவதை மட்டும்தான் அளக்கிறது.